யாரும் கிளிக் செய்யவில்லை, ஆனாலும் சர்வர் கைமாறியது: சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்கள் கவனிக்க!

கொரட்டூர் ரயில் நிலையத்தில் இறங்கி பாடி பக்கம் போனாலும் சரி, அடுத்த ஸ்டேஷனான பட்டரவாக்கத்தில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் போனாலும் சரி, லேத் சத்தமும் கட்டிங் ஆயில் வாசனையும் நம்மைத் தொடர்ந்து வரும். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி, பெரிய கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் முதல் பத்துப் பேர் வேலை பார்க்கும் பேக்கிங் யூனிட்கள் வரை வரிசையாக இருக்கின்றன.

இவர்களின் பர்ச்சேஸ் ஆர்டர், டிராயிங், கொட்டேஷன், இன்வாய்ஸ் எல்லாம் ஓடுவது மெயிலில்தான். கஸ்டமர் வாட்ஸ்அப்பில் "அனுப்பிட்டேன் சார்" என்று சொன்னாலும், கணக்கில் நிற்பது மெயிலில் வந்த பிடிஎஃப்தான்.

இந்த மெயிலை நிறுவனங்கள் இரண்டு விதமாக வைத்திருக்கின்றன. ஒன்று, கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோ போன்றவற்றுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா கட்டுவது. இன்னொன்று, சொந்த மெயில் சர்வர். அலுவலகத்தில் ஏசி இருக்கும் ஓர் அறையிலோ, வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரிலோ, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைப் போட்டு ஓட்டுவது. பெரும்பாலும் "சிஸ்டம் பாக்குற தம்பி" ஒருவர் வந்து போட்டுக் கொடுத்திருப்பார். மெயில் வருகிறது, போகிறது. அதன்பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகை நிறுவனங்களுக்கானது. காரணம், 2022 செப்டம்பரில் 'ஜிம்ப்ரா' என்ற மெயில் சர்வர் மென்பொருளைக் குறிவைத்து நடந்த தாக்குதலின் முதல் அலையில் சிக்கியவை, இந்தியாவிலும் துருக்கியிலும் இருந்த சர்வர்கள். அதில் எந்த ஊழியரும் தப்பான லிங்க்கைத் தொடவில்லை. அட்டாச்மென்ட்டைத் திறக்கவில்லை. அந்த மெயிலைப் படிக்கக்கூட இல்லை. மெயில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். சர்வர் கைமாறிவிட்டது.

அட்டாச்மென்ட்டைத் திறந்தது யார்?

மெயில் சர்வர் என்பது வெறும் தபால் பெட்டி அல்ல. உள்ளே வரும் ஒவ்வொரு மெயிலையும் அது பிரித்துப் பார்க்கும். அனுப்பியவர் யார், ஸ்பேமா, இணைப்பில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும். ஜிம்ப்ராவில் இந்த வேலையைச் செய்யும் பகுதியின் பெயர் 'அமாவிஸ்'. சுருக்கப்பட்ட கோப்பு ஏதாவது வந்தால், அதை விரித்துப் பார்த்துத்தான் உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று சொல்ல முடியும். விரிப்பதற்கு அமாவிஸ், லினக்ஸில் உள்ள வேறு சிறிய கருவிகளின் உதவியை நாடும். 'பேக்ஸ்' என்ற கருவி இருந்தால் அதைப் பயன்படுத்தும். இல்லையென்றால் 'சிபிஐஓ' என்ற பழைய கருவியைப் பயன்படுத்தும்.

சிக்கல் இந்த சிபிஐஓ-வில்தான் இருந்தது. இதற்கென ஒரு ஃபோல்டர் கொடுத்து, "இதற்குள் விரித்து வை" என்று சொன்னால், அது அந்த ஃபோல்டருக்கு வெளியேயும் போய்க் கோப்புகளை வைத்துவிடும். கோப்புக்குள் அதற்கேற்றபடி குறிப்பு எழுதப்பட்டிருந்தால் போதும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 2015-லேயே எண் கொடுத்துப் பதிவு செய்யப்பட்ட ஓட்டை. ஏழு வருடங்களுக்குப் பிறகு, மெயில் சர்வர் வழியாக அது திரும்ப வந்தது.

எஸ்டேட் பாஷையில் சொன்னால் இப்படி. கேட்டில் ஒரு செக்யூரிட்டி அண்ணன் இருக்கிறார். வரும் பார்சலை எல்லாம் பிரித்துச் சோதிப்பது அவர் வேலை. ஒரு பார்சலைப் பிரிக்கிறார். உள்ளே ஒரு பொருளும், "இதைக் கொண்டுபோய் ஸ்டோர் ரூம் அலமாரியில் வைக்கவும்" என்று ஒரு சீட்டும் இருக்கின்றன. அவர் கேள்வி கேட்காமல் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். முதலாளிக்குத் தெரியாது, ஸ்டோர் கீப்பருக்கும் தெரியாது. கேமராவில் பார்த்தாலும் நம்ம செக்யூரிட்டிதான் நடந்து போகிறார்.

ஹேக்கர்கள் அனுப்பிய சீட்டும் இதே மாதிரிதான். சிபிஐஓ, டார், ஆர்பிஎம் வகைக் கோப்பு ஒன்று இணைப்பாக வரும். அமாவிஸ் அதைச் சோதனைக்காக விரிக்கும். அப்போது உள்ளே இருக்கும் ஒரு சிறிய நிரல் கோப்பு, ஜிம்ப்ராவின் வெப்மெயில் பக்கங்கள் இருக்கும் பொது ஃபோல்டரில் போய் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு ஹேக்கர் எந்த நாட்டில் இருந்தாலும் பிரவுசரில் அந்தப் பக்கத்தின் முகவரியைத் தட்டினால் போதும், சர்வருக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கலாம். இப்படி வைக்கப்படும் கோப்புக்குப் பெயர் 'வெப்ஷெல்'. வீட்டின் பின்பக்கக் கதவுக்கு டூப்ளிகேட் சாவி செய்து வைத்துக்கொள்வது மாதிரி.

அது என்ன 'ரிமோட் கோட் எக்ஸிகியூஷன்'?

உங்கள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காராமலேயே, எங்கிருந்தோ ஒருவர் தன் கட்டளையை அதில் ஓட வைப்பதுதான் ரிமோட் கோட் எக்ஸிகியூஷன். சுருக்கமாக ஆர்சிஇ. பாஸ்வேர்டு திருடுவதைவிட இது மோசம். பாஸ்வேர்டு திருடு போனால் அந்த ஒருவருடைய மெயில் போகும். ஆர்சிஇ நடந்தால் சர்வரே போகும். முதலாளி, அக்கவுன்ட்ஸ், பர்ச்சேஸ், ஹெச்ஆர் என்று எல்லோருடைய மெயில்பெட்டியும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும்.

ஜிம்ப்ராவின் இந்த ஓட்டைக்குக் கொடுக்கப்பட்ட எண் சிவிஇ-2022-41352. அபாய மதிப்பெண் 10-க்கு 9.8. உலகம் முழுக்கக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு இப்படி எண்ணும் மதிப்பெண்ணும் கொடுப்பது வழக்கம். 9-க்கு மேல் போனால் 'மிக ஆபத்தானது' என்று அர்த்தம். மற்ற வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டிய ரகம்.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள்

2022 செப்டம்பர் 10-ம் தேதி, தாக்குதலுக்கு ஆளான சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் ஜிம்ப்ரா பயனர்களின் தளத்தில் இதைப் பற்றி எழுதினார். 14-ம் தேதி ஜிம்ப்ரா ஓர் அறிவிப்பு வெளியிட்டது: "பேக்ஸ் கருவியை நிறுவிவிட்டு, ஜிம்ப்ராவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்." முழுமையான பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட், அக்டோபர் இரண்டாவது வாரத்தில்தான் வந்தது. அதற்குள் தாக்குதலை எப்படி நடத்துவது என்ற செய்முறையும் பொதுவெளிக்கு வந்துவிட்டது.

காஸ்பர்ஸ்கி பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்ததில், முதல் அலையில் சிக்கியவை 44 சர்வர்கள். இவைதான் இந்தியாவிலும் துருக்கியிலும் இருந்தவை. ஹேக்கர்கள் தங்கள் ஆயுதத்தைச் சோதித்துப் பார்த்த களம் இது என்பது அந்த ஆய்வின் கணிப்பு. விஷயம் வெளியே தெரிந்த பிறகு, ஒரே மூச்சில் இன்னும் 832 சர்வர்கள் வீழ்ந்தன. மொத்தம் 876.

இந்த 876 இடங்களில் பெரும்பாலானவை தப்பித்திருக்கலாம் என்பதுதான் வருத்தமான விஷயம். செப்டம்பர் 14-ம் தேதி அறிவிப்பைப் படித்து ஒரு சின்ன கருவியை நிறுவ ஐந்து நிமிடம் ஆகாது. உபுண்டு 20.04 போன்ற லினக்ஸ் வகைகளில் பேக்ஸ் ஏற்கெனவே இருந்ததால், அந்த சர்வர்கள் இந்த வழியில் சிக்கவில்லை. ரெட்ஹாட் 8, சென்ட்ஓஎஸ் 8, ராக்கி லினக்ஸ் 8 ஆகியவற்றில் அது தானாக இருக்காது. போட்டவர் பிழைத்தார், போடாதவர் மாட்டினார்.

இரண்டு வருடம் கழித்து... 'சிசி' வரியில் வந்த வினை

"சரி, அது பழைய கதை" என்று நினைக்க வேண்டாம். 2024-ல் அதே ஜிம்ப்ராவில் இன்னோர் ஓட்டை. எண் சிவிஇ-2024-45519. இந்த முறை அட்டாச்மென்ட்கூடத் தேவைப்படவில்லை. மெயில் அனுப்பும்போது 'சிசி' என்று போட்டு இன்னும் நாலு பேருக்கு நகல் அனுப்புவோமே, அந்த வரியில் முகவரிக்குப் பதிலாகக் கட்டளையை எழுதி அனுப்பினார்கள். பார்ப்பதற்கு ஜிமெயிலில் இருந்து வந்த மாதிரி இருக்கும். மெயில்களின் நகலைப் பதிவு செய்யும் 'போஸ்ட்ஜர்னல்' என்ற உள்சேவை, அந்த வரியைச் சரிபார்க்காமல் அப்படியே ஓடவிட்டது. வந்த கட்டளையின் நோக்கம் இங்கேயும் அதேதான்: வெப்ஷெல் வைப்பது.

இதன் காலண்டர் இன்னும் தெளிவானது. செப்டம்பர் 4, 2024 அன்று பேட்ச் வந்துவிட்டது. செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை, புராஜெக்ட்டிஸ்கவரி என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓட்டையின் தொழில்நுட்ப விவரத்தை வெளியிட்டது. மறுநாள், சனிக்கிழமை, தாக்குதல் மெயில்கள் பறக்க ஆரம்பித்தன என்று புரூஃப்பாயின்ட் நிறுவனம் பதிவு செய்தது. அதாவது, சர்வரைச் சரிசெய்ய நமக்குக் கிடைத்த அவகாசம் 24 நாள். விவரம் வெளியான பிறகு ஹேக்கர்கள் எடுத்துக்கொண்டது ஒரே நாள்.

நல்ல வேளையாக, போஸ்ட்ஜர்னல் சேவை எல்லா சர்வரிலும் தானாக ஓடுவதில்லை. யாரோ ஆன் செய்திருந்தால்தான் ஆபத்து. ஆனால், உங்கள் சர்வரில் அது ஆன் ஆகி இருக்கிறதா என்று கேட்டால், எத்தனை நிறுவனங்களில் உடனே பதில் கிடைக்கும்?

"நம்ம சின்ன கம்பெனியை யாரு தேடி வரப் போறாங்க?"

எல்லா முதலாளிகளும் கேட்கும் கேள்வி இது. பதில்: யாரும் தேடி வருவதில்லை, அதுதான் பிரச்சினை. இணையத்தில் எந்தெந்த முகவரியில் எந்த மெயில் மென்பொருள் ஓடுகிறது என்று வரிசையாகத் தட்டிப் பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. ஓட்டை தெரிந்ததும் பட்டியல் எடுத்து, அத்தனை பேருக்கும் மெயிலைத் தட்டிவிடுவார்கள். அந்தப் பட்டியலில் அமைச்சகமும் இருக்கும், பட்டறையும் இருக்கும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேலும், மெயில் சர்வருக்கு ஒரு தனி பலவீனம் உண்டு. மற்ற சர்வர்களை ஃபயர்வால் போட்டு வெளியாட்கள் தொடாமல் மூடி வைக்கலாம். மெயில் சர்வரை அப்படி மூட முடியாது. முன்பின் தெரியாதவர் அனுப்பும் மெயிலையும் வாங்கியாக வேண்டும். புது கஸ்டமர் என்கொயரி அப்படித்தானே வரும்? மெயில் வந்து சேரும் 25-ம் எண் போர்ட் உலகத்துக்கே திறந்திருக்க வேண்டும். எனவே இங்கே முதல் பாதுகாப்பு பூட்டு அல்ல, பேட்ச்தான்.

ஜிம்ப்ரா மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். 2021-ல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் 'ப்ராக்ஸிலாகான்' ஓட்டை. ஜனவரியிலேயே தாக்குதல் தொடங்கிவிட்டது, பேட்ச் வந்தது மார்ச் 2-ல். ஐரோப்பிய வங்கி ஆணையமே தன் மெயிலை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. 2019-ல் 'எக்ஸிம்' என்ற மெயில் மென்பொருளில் ஓர் ஓட்டை. அதில், பெறுநர் முகவரி இருக்கும் இடத்தில் கட்டளையை எழுதினால் சர்வர் ஓட்டிவிடும். அது வெளியே தெரிந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆன பிறகும், ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவின் ஹேக்கர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்காவின் என்எஸ்ஏ 2020 மே மாதம் எச்சரித்தது. 2025 ஜூனில், 'ரவுண்ட்கியூப்' என்ற வெப்மெயிலில் பத்து வருடமாக ஒளிந்திருந்த ஓட்டை வெளியானது. அதற்கு ஏதாவது ஒரு ஊழியரின் லாகின் வேண்டும். '12345' வகைப் பாஸ்வேர்டு ஒன்று இருந்தால் அதுவும் கிடைத்துவிடும்.

கடைசி இரண்டும் நம்ம ஊர் நிறுவனங்களுக்கு முக்கியம். வெப்சைட்டோடு சேர்த்து மெயிலும் தரும் 'சிபேனல்' வகை ஹோஸ்டிங்கில் எக்ஸிமும் ரவுண்ட்கியூபும்தான் ஓடும். அங்கே அப்டேட் செய்வது ஹோஸ்டிங் நிறுவனத்தின் வேலை. ஆனால், தனி சர்வர் எடுத்து சிபேனல் போட்டிருந்தால், அந்தப் பொறுப்பு உங்களுடையது.

உள்ளே வந்தவர் என்ன செய்வார்?

உடனே எதையும் உடைக்க மாட்டார். படிப்பார். யார் யாருக்கு எவ்வளவு பணம் தர வேண்டும், எந்தத் தேதியில் பேமென்ட், இன்வாய்ஸ் எந்த வடிவத்தில் போகிறது, அக்கவுன்ட்ஸ் மேடம் "டியர் சார்" என்று எழுதுவாரா, "வணக்கம்" என்று எழுதுவாரா என்பது வரை பார்ப்பார்.

ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். உங்கள் யூனிட்டிலிருந்து ஒரு கஸ்டமருக்கு 18 லட்ச ரூபாய் இன்வாய்ஸ் போயிருக்கிறது. இரண்டு நாள் கழித்து, அதே மெயில் தொடரில், உங்கள் முகவரியிலிருந்தே இன்னொரு மெயில் போகிறது: "எங்கள் பேங்க் அக்கவுன்ட்டில் ஆடிட் நடக்கிறது, இந்தப் புது அக்கவுன்ட்டுக்கு அனுப்பவும்." கஸ்டமர் சந்தேகப்பட என்ன இருக்கிறது? முகவரி சரி, இன்வாய்ஸ் நம்பர் சரி, பேசும் விதமும் சரி. பணம் போய்விடும். மாதக் கடைசியில் போன் வரும்.

"சார், பேமென்ட் இன்னும் வரலையே?"

"போன வாரமே போட்டாச்சே சார், நீங்க சொன்ன புது அக்கவுன்ட்டுக்குத்தான்!"

அந்தப் பணத்தோடு பல வருடப் பழக்கமும் போகும். சம்பளத் தேதி நெருங்கும்போது இது ஒரு சின்ன நிறுவனத்தை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. இது தவிர, கஸ்டமர் நம்பிக் கொடுத்த டிராயிங் வெளியே போவது, சர்வரில் இருக்கும் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், உங்கள் சர்வரிலிருந்தே மற்றவர்களுக்கு ஸ்பேம் அனுப்பி உங்கள் டொமைன் பெயரைக் கெடுப்பது எல்லாம் உண்டு.

பேட்ச் போட்டுவிட்டால் முடிந்ததா?

இல்லை. அதிகம் பேர் தவறவிடும் இடம் இதுதான். பேட்ச் என்பது ஓட்டையை அடைப்பது. ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்தவரை அது வெளியேற்றாது. கதவின் பூட்டை மாற்றுகிறீர்கள், திருடன் பரணில் படுத்திருக்கிறான்.

ப்ராக்ஸிலாகான் சமயத்தில் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. பேட்ச் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும், நூற்றுக்கணக்கான சர்வர்களில் வெப்ஷெல் அப்படியே இருந்தது. 2021 ஏப்ரலில், எஃப்பிஐ நீதிமன்ற அனுமதி வாங்கி, தானே அந்த சர்வர்களுக்குள் போய் அவற்றை அழிக்க வேண்டியிருந்தது. நமக்கு அப்படி யாரும் வந்து துடைத்துத் தர மாட்டார்கள். எனவே, ஓட்டை வெளியான தேதிக்குப் பிறகு பேட்ச் போட்டிருந்தால், இடைப்பட்ட நாட்களில் யாராவது வந்து போனார்களா என்று தேடிப் பார்ப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதிதான்.

சரி, என்ன செய்யலாம்?

1. என்ன ஓடுகிறது என்று எழுதி வையுங்கள். எந்த மெயில் மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த லினக்ஸ் அல்லது விண்டோஸ், கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, யாரிடம் அட்மின் பாஸ்வேர்டு இருக்கிறது? ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். தம்பி ஊருக்குப் போயிருந்தாலும் அந்தத் தாள் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

2. ஆயுள் முடிந்த பதிப்பா என்று பாருங்கள். ஜிம்ப்ரா 8.8.15 நிறைய இடங்களில் இலவசமாகப் போடப்பட்டது. 9-ம் பதிப்பிலிருந்து இலவச வகையைத் தயார் நிலையில் தருவதை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதனால் பலர் பழசிலேயே நின்றுவிட்டார்கள். தயாரித்தவரே பேட்ச் கொடுக்காத பதிப்பில் ஃபயர்வால், ஆன்ட்டிவைரஸ் எது போட்டாலும் ஒட்டுப்போட்ட டயர்தான். புதிய பதிப்புக்குப் போக வேண்டும், அல்லது வேறு ஏற்பாட்டுக்குப் போக வேண்டும்.

3. பேட்ச் நாள் ஒன்றை முடிவு செய்யுங்கள். மாதம் ஒருமுறை, உதாரணமாக இரண்டாவது சனிக்கிழமை மதியத்துக்கு மேல். முதலில் சர்வரை அப்படியே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு, பிறகு அப்டேட். ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். "அப்டேட் போட்டா மெயில் நின்னுடும் சார்" என்ற பயத்துக்கு இதுதான் மருந்து. மதிப்பெண் 9-க்கு மேல் உள்ள ஓட்டை என்றால் அந்தச் சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே போட வேண்டும்.

4. எச்சரிக்கை யாருக்கு வருகிறது? மென்பொருள் நிறுவனத்தின் பாதுகாப்பு அறிவிப்புகளுக்கும், இந்திய அரசின் செர்ட்-இன் அறிவிப்புகளுக்கும் பதிவு செய்துகொள்ளலாம், இலவசம். தம்பியின் முகவரியோடு முதலாளி அல்லது மேனேஜர் முகவரியையும் கொடுங்கள். படித்துப் புரியாவிட்டாலும், "இது நமக்கு உண்டா?" என்று போன் போட்டுக் கேட்க முடியும்.

5. திறந்திருக்க வேண்டாத கதவுகளை மூடுங்கள். 25-ம் போர்ட்டை மூட முடியாது. ஆனால், ஜிம்ப்ராவின் அட்மின் பக்கம் இருக்கும் 7071, சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் போன்றவற்றை அலுவலக முகவரிக்கோ விபிஎன் வழியாகவோ மட்டும் அனுமதிக்கலாம். பயன்படுத்தாத சேவைகளை நிறுத்துங்கள். போஸ்ட்ஜர்னல் தேவையில்லையா? ஆஃப் செய்துவிடுங்கள். சர்வர் வெளியே பேசுவதையும் கட்டுப்படுத்துங்கள். மெயில் அனுப்ப, பெயர் தேட, அப்டேட் இறக்கத் தேவையானதைத் தவிர மற்றதைத் தடுத்தால், உள்ளே புகுந்தவர் தன் கருவிகளை இறக்கிக்கொள்ளத் திணறுவார்.

6. பேக்கப்பை வேறு இடத்தில் வையுங்கள். சர்வரிலேயே இன்னொரு ஃபோல்டரில் வைப்பது பேக்கப் அல்ல. சர்வரோடு இணைக்கப்படாத ஒரு பிரதி கட்டாயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு மெயில்பெட்டியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எடுக்க முடிந்தால்தான் அது பேக்கப்.

7. மாதம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வெப்மெயில் ஃபோல்டரில் யாரும் வைக்காத புதிய ஜேஎஸ்பி கோப்பு, தெரியாத அட்மின் கணக்கு, யாரோ வைத்த நேரக்கட்டளைகள், வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வேர்டு ஆகும் விதிகள். இந்த நான்கையும் பார்த்தாலே பல ஊடுருவல்கள் தெரிந்துவிடும். லாக் கோப்புகளின் பிரதியையும் வேறு இடத்துக்கு அனுப்புங்கள். சர்வருக்குள் வந்தவர் முதலில் அழிப்பது அதைத்தான்.

ஏற்கெனவே சிக்கிவிட்டது என்று தெரிந்தால்?

பதற்றத்தில் உடனே ஃபார்மட் அடிக்காதீர்கள். நெட்வொர்க்கிலிருந்து துண்டியுங்கள், ஆனால் ஆஃப் செய்ய வேண்டாம். மெமரியில் இருக்கும் தடயம் அணைத்தால் போய்விடும். வட்டின் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, புதிய சர்வரில் புதிதாக நிறுவி, மெயில்களை மட்டும் கொண்டு வாருங்கள். அந்த சர்வரில் இருந்த எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். அதே பாஸ்வேர்டை டேலி, ஜிஎஸ்டி, பேங்க் என்று வேறு இடங்களில் போட்டிருந்தால் அங்கேயும்.

முக்கியமான கஸ்டமர்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். மெயிலில் அல்ல, போனில். "எங்க பேங்க் அக்கவுன்ட் மாறலை, மாறினதா மெயில் வந்தா நம்பாதீங்க" என்ற ஒரு வரி பல லட்சத்தைக் காப்பாற்றும். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் கஸ்டமருக்கு இது வேறு வழியில் தெரிய வந்தால் இன்னும் மோசம்.

பணம் போயிருந்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவின்படி, இப்படிப்பட்ட ஊடுருவல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். லாக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்குத் தயாராக அந்த வருடம் செப்டம்பர் 25 வரை கூடுதல் அவகாசம் கொடுக்கப்பட்டது, அதுவும் முடிந்துவிட்டது. செர்ட்-இன் கட்டணமில்லா எண்: 1800-11-4949.

வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

மேலே சொன்ன ஏழையும் செய்ய உங்களிடம் ஆள் இருக்கிறாரா? இதுதான் முடிவு செய்யும் கேள்வி. இருந்தால் சொந்த சர்வரில் தப்பே இல்லை. டேட்டா நம்மிடம் இருக்கும், ஆட்கள் கூடக் கூட சந்தா ஏறாது. இல்லையென்றால், சந்தா கட்டி மெயிலைப் பெரிய நிறுவனத்திடம் கொடுப்பதுதான் மலிவு. மாதச் சந்தாவைக் கணக்குப் போடும்போது, இலவச மென்பொருளுக்கு எதிராகப் போடாதீர்கள். அதைப் பராமரிக்கும் ஆளின் சம்பளத்துக்கு எதிராகப் போடுங்கள்.

அதற்காக கிளவுட் என்றால் கோட்டை என்றும் அர்த்தமில்லை. 2023-ல் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் மெயிலிலேயே, சீனாவைச் சேர்ந்தது என்று அந்த நிறுவனம் சொன்ன ஒரு குழு திருட்டுச் சாவியோடு நுழைந்து, சுமார் 25 அமைப்புகளின் மெயில்களைப் பார்த்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே சர்வர் ஓட்டையை அடைக்க இரவு பகலாக ஆட்கள் இருக்கிறார்கள். பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடுவது ஆகியவை அங்கேயும் உங்கள் பொறுப்புதான்.

இதைப் படிக்கும் நீங்கள் ஐடி-யில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். எஸ்டேட்டில் யூனிட் வைத்திருக்கும் அப்பாவோ மாமாவோ உங்களுக்கு இருக்கலாம். அல்லது அப்படி ஒரு யூனிட்டில் நீங்களே அக்கவுன்ட்ஸ் பார்க்கலாம். இந்த வாரம் சிஸ்டம் பார்க்கும் தம்பி வரும்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம மெயில் சர்வர்ல கடைசியா எப்பப்பா பேட்ச் போட்டீங்க?"

தேதியைச் சொன்னால் நிம்மதி. "அதெல்லாம் நல்லாத்தான்ணா ஓடிட்டு இருக்கு" என்று பதில் வந்தால், அன்றைக்கே உட்கார்ந்து பாருங்கள். 2022-ல் சிக்கிய அந்த 876 சர்வர்களும் முந்தைய நாள் வரை நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தன.